பத்தியமும் பசியும்

குமணனைப் பாடிய புறப்பாட்டுக்கள் இரண்டனை (159, 164) வறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் வழக்கம். அவை பாலூட்டும் தாயின் உணவைப் பற்றியனவுமாதல் ஈண்டு ஆராயத்தக்கது.

பெருஞ்சித்திரனார் காட்டும் தாய் உப்பும் மோரும் சோறுமின்றிக் குப்பைக்கீரையை வேகவைத்து உண்கின்றாள். அவள் மார்பு வாடியுள்ளது. பெருந்தலைச் சாத்தனார் காட்டும் மனையில் அடுப்பிற் காளான் பூத்துள்ளது. பால் பெறாது குழவி அழுகின்றது. உணவுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை இருவரும் உணர்ந்துள்ளனர்.

அவ்வுணர்வே, சடையங்குப்பத்தை அடுத்த எண்ணூர், திருவொற்றியூர்க் கடற்புறங்களில் தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டும் அளிக்கும் வழக்கிலும் உள்ளது. ஆயின், குழவி சுவைக்கச் சுவைக்கவே பால் சுரக்கும் என்பதும், உணவு சிறிது குறைந்த அளவில் அது வற்றாது என்பதும் மருத்துவ நூலார் துணிபு. எனவே புலவர் பாடியது ஒருநாட் குறையன்று, நெடும்பசியின் எல்லை. சுறாப்புட்டின் சிறப்பும், வீட்டில் இறுதியில் உண்பவளுக்கு அது முதற்பங்கு தருதலேயாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடித் தொழில் தடைப்பட்டது. அத்தகைய காலத்தில் மீனும் அரிதாகும். அப்போதும் பத்தியத்தின் பெயரால் கீரையையும் நீரையும் தாய்க்கு மறுத்தல் தகுமோ? சுற்றம் அன்பினால் வகுப்பது பத்தியம். வறுமை வகுப்பது பசி. இரண்டும் ஒரே கலத்தில் பரிமாறப்படும்போது பின்னதற்கு முன்னதன் பெயரை இடுதல் பொருந்தாது. குமணனிடம் சென்ற புலவர்கள் பசியைப் பசியென்றே கூறினர்.