பனியூடு செல்லும் புகையிரதம்: சித்திரக்கதையும் திரைப்படமும்

முதனூலொன்றைத் தழுவி எழுந்த படைப்பை ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டனையும் அருகருகே வைத்து, விடப்பட்டது எது, சேர்க்கப்பட்டது எது என்று கணக்கெடுப்பதோடு அமைவர். அக்கணக்கு வேண்டுவதே, ஆயின் அதனால் மட்டும் வழிநூலின் தகுதி புலப்படாது. வழிநூலாசிரியன் தான் வேண்டிய விகற்பத்தைக் கூறுதற்குத் தமிழிலக்கண ஆசிரியர் இடமளித்துள்ளனர். அவ்விகற்பம் எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பதே வினவத்தக்கது. சித்திரக்கதைகளினின்றும் தோன்றிய விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களுள், தென்கொரிய நெறியாளர் பொங் ஜூன் ஹோ 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்னோபியர்சர்’ இவ்வினாவுக்கு ஏற்றதோர் இலக்காகும்.

இதன் முதனூல் பிரெஞ்சு மொழியிலுள்ளது. ஜாக் லொப் கதை புனைய, ஜான் மார்க் றொஷெற் கறுப்பு வெள்ளையிற் சித்திரந் தீட்ட, 1982இல் சஞ்சிகையொன்றிலே தொடராக வெளிவரத் தொடங்கி, 1984இல் நூலுருப் பெற்றது. லொப் 1990இல் மறைந்தார். பின்வந்த தொடர்ச்சிகளைப் பிறர் எழுத றொஷெற்றே வரைந்தார். உலகம் உறைந்துபோக, எஞ்சிய மக்கள் நில்லாது ஓடும் நெடும் புகையிரதமொன்றில் வாழ்கின்றனர். முன்பெட்டிகளிற் செல்வரும் கடைப்பெட்டிகளில் வறியோரும் உறைகின்றனர். இவ்வமைப்பு ஒன்றே இரண்டிற்கும் பொதுவாயுள்ளது.

லொப்பின் கதைத்தலைவன் புறொலொவ் கடைப்பெட்டியினின்று தனியனாய்த் தப்பிவந்தவன். அவன் கிளர்ச்சிக்காரன் அல்லன். உயிர் வாழ விரும்பியவன், அவ்வளவே. காவலர் கையில் அகப்பட்டு, வறியோர்க்காகப் பரிந்து நிற்கும் அடெலின் என்பவளோடு முன்னோக்கிக் கொண்டுசெல்லப்படுகிறான். ஈற்றில் அவளும் இறக்க, நோயாற் பெட்டிகள் வெறிதாக, எந்திரத்துக்குத் துணையாய் அவனொருவனே எஞ்சுகிறான். இருண்மை மிக்க முடிபு இது. றொஷெற்றின் கரிய கோடுகளுக்கு இம்முடிபன்றி வேறொன்று பொருந்தாது.

பொங் இத்தனியனை அகற்றி, அவனிடத்திலே கேர்ட்டிஸ் என்பான் தலைமையில் ஒரு கூட்டத்தை எழுப்புகிறார். படக்கொட்டகைக்கு வேண்டிய சண்டைகளுக்காகவே இம்மாற்றம் செய்யப்பட்டதென முதற்பார்வையில் தோன்றலாம்; கோடரிச் சண்டை நீண்டு செல்லுங்கால் அவ்வையம் வலுப்பெறவுங் கூடும். எனினும் மாற்றத்தின் நோக்கம் அதுவன்று. தனியொருவன் தப்பினால் அமைப்பு மாறாது என்பதை எவரும் அறிவர். கூட்டம் எழுந்து எந்திரத்தைக் கைப்பற்றினால் யாவும் மாறும் என்பதோ உலகோர் பலரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையையே படம் சோதித்துப் பார்க்கிறது.

பெட்டிக்குப் பெட்டி கூட்டம் முன்னேறுமாற்றில் முதனூலின் சாயல் நன்கு தெரிகின்றது. சித்திரக்கதையில் ஒரு கட்டத்தை நோக்கி மற்றதற்குக் கண் செல்வதுபோலவே இங்கு ஒவ்வொரு கதவும் புதியதோர் உலகினைத் திறக்கின்றது. கடைப்பெட்டியில் மறைந்தோரின் உருவங்களைக் கரியால் வரையும் ஓவியனுக்காகச் சித்திரம் தீட்டிய கையும் றொஷெற்றினுடையதே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இப்பெட்டிகளுள் தலைசிறந்தது பள்ளிக்கூடப் பெட்டியாகும். வண்ணம் மிக்க அவ்வறையிற் கருவுற்ற ஆசிரியை ஒருத்தி இசைக்கருவியை மீட்ட, சிறுவர் எந்திரத்தின் உரிமையாளன் வில்ஃபோர்ட்டைப் போற்றிப் பாடுகின்றனர். எந்திரம் நின்றால் யாவரும் உறைந்து மடிவோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். முன்னொருகால் வெளியேறி உறைந்துபோன எழுவரின் உருவங்கள் யன்னலூடாகத் தோன்றும்போது, அவையே பாடமாகின்றன. புத்தாண்டுக்கெனப் பகிரப்படும் அவித்த முட்டைகளின் கீழே துப்பாக்கி ஒளிந்திருக்கின்றது. காவற்படை செய்யும் வேலையினும் இப்பள்ளி செய்யும் வேலையே புகையிரதத்தை நிலைநிறுத்துகின்றது என்பதைப் பொங் ஒரு சொல்லானும் விளக்காது காட்டிவிடுகிறார். படத்தின் நகையும் அச்சமும் ஒருங்கு கூடுமிடம் இது.

இத்திறம் எந்திர அறையிற் குன்றுகின்றது. அங்கு வில்ஃபோர்ட் நெடிதுரைக்கிறான். கிளர்ச்சி தானாக எழுந்ததன்று. மக்கட்டொகையைக் குறைத்தற்பொருட்டு, கேர்ட்டிஸ் தந்தையென மதித்த முதியவர் கில்லியமும் அவனும் கூடித் திட்டமிட்டதே என்கிறான். கருத்து கூர்மையானது, உரையோ மிகை. இப்படத்தில் ஏறத்தாழ இருபது நிமிடங்களை வெட்டிவிட அமெரிக்க விநியோகத்தர் விரும்ப, நெறியாளர் உடன்படாது நின்றார். 2014இல் அங்கு வெட்டின்றியே வெளியாயிற்று. அவர் நின்றது முறையே. ஆயினும் இவ்வுரையைத் தாமே சுருக்கியிருக்கலாம்.

உரை செய்யத் தவறியதை ஒரு காட்சி செய்துவிடுகிறது. தேய்ந்துபோன எந்திர உறுப்பொன்றின் இடத்திலே, நிலத்தட்டின் கீழ், கடைப்பெட்டிச் சிறுவன் ஒருவன் குனிந்து உழைத்துக்கொண்டிருக்கிறான். எந்திரத்தை ஆளவிருந்த கேர்ட்டிஸ் தன் கையைச் சக்கரங்களினிடையே செலுத்தி அவனை மீட்கிறான். பசிக்கொடுமை மிக்க தொடக்க நாட்களிற் பிறர் தம் கைகளை வெட்டிக் கொடுத்தபோது தான் கொடுக்க இயலாது நின்றதை அவன் முன்னரே கூறியுள்ளமையால், அச்செயலுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

எனினும் படத்தின் மெய்யான விகற்பம் கேர்ட்டிஸிடத்தன்று, கதவு திறக்கும் வேலைக்கு அழைத்துவரப்பட்ட நம்குங் மின்சுவிடத்தே உள்ளது. மற்றையோர் முன்கதவையே நோக்க, அவன் பக்கக்கதவை நோக்கியிருந்தான். வெளியே வீழ்ந்துகிடந்த ஆகாயவிமானத்தின்மேற் பனி ஆண்டுதோறும் குறைந்து வருவதை அவன் கண்டு வைத்திருந்தான். லொப்பின் கதையில் முன்பும் பின்புமன்றி வேறு திசை இல்லை. பொங் ஒரு பக்கத்தைச் சேர்த்தார். அச்சேர்க்கையே தழுவலை வழிநூலாக்குகின்றது. ஆயின் அக்கதவு தகர்ந்த அதிர்ச்சியிற் பனிச்சரிவு இறங்கிப் புகையிரதம் கவிழ்கிறது. எத்தனை உயிர்கள் மடிந்தன என்பதைப் படம் கூறாது விடுகின்றது. இவ்விலைக்கு விடுதலை தகுமா என்னும் வினாவும் விடையின்றி நிற்கின்றது. நம்குங்கின் மகள் யோனாவும் மீட்கப்பட்ட சிறுவனும் வெளியே வருகின்றனர். தொலைவில் வெண்கரடியொன்று அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது. உயிர் வாழலாம் என்பதற்கு அது சான்று. அது பசியோடிருக்கும் விலங்கும் ஆகும். இருவரும் புகையிரதத்திலேயே வளர்ந்தவர்கள், பூமியில் நடந்தறியாதவர்கள்.