துண்டாடப்படும் கதைச்சுவர்

கண்டியைச் சுற்றியுள்ள குறுக்கு வீதிகளில் மோட்டார் சைக்கிளில் அலைந்து, பாறை விகாரைகளின் பழைய ஓவியங்களைப் படமெடுத்துப் போடுவது இளைஞரிடையே இன்று பெரும் மோகம். "நாங்கள் எடுக்காவிட்டால் இவை அழிந்த பிறகு எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தலதா மாளிகையோடும் ஏரியோடும் திரும்பிவிடுகிறவர்களை மகாவலியைத் தாண்டி அமுனுகமப் பக்கம் போகவைத்தது இந்த மோகமே. நீர் எங்கே கசிகிறது, வண்ணம் எங்கே உதிர்கிறது என்பதற்கும் படம் சாட்சியாகும். பிளாஷ் போடாதவரை அதில் எனக்குச் சண்டையில்லை.

நெடுநாளாக நான் சொல்லிவரும் மறுப்பு வேறு. இவர்கள் ஓவியத்தைப் பதிவு செய்வதில்லை. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து வருகிறார்கள்.

தெகல்தொருவ விகாரையைப் பாருங்கள். நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி, ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவேறிய குடைவரை. புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் அங்கே சிவப்புப் பின்னணியில் நீண்ட பட்டைகளாக ஓடுகிறது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கோடு இழுத்துப் பிரிப்பதில்லை. ஒரு மரம் நிற்கும், அல்லது ஒரு மனிதன் முகத்தைத் திருப்பியிருப்பான், அவ்வளவுதான். அதே வெஸ்ஸந்தரன் திரும்பத் திரும்ப வருகிறான். வெள்ளை யானையைக் கொடுக்கிறான், நாட்டைவிட்டுப் போகிறான், குதிரைகளையும் தேரையும் கொடுக்கிறான், கடைசியில் பிள்ளைகளையும் மனைவியையும் கொடுக்கிறான். கொடை ஒவ்வொரு படியாகக் கனத்துக்கொண்டே போவதுதான் கதை. அதைக் கண்ணோடு காலும் நடந்துதான் வாசிக்க வேண்டும்.

படமெடுப்பவரோ பிள்ளைகளை ஜூஜகப் பிராமணன் இழுத்துப்போகும் இடத்தை மட்டும் நெருங்கி எடுக்கிறார். யானை இல்லை, தேர் இல்லை, தந்தை இல்லை. மிஞ்சுவது இரண்டு குழந்தைகளை வதைக்கும் ஒரு கிழவன். கீழே விகாரையின் பெயரும், போன பாதையின் வீரப்பிரதாபமும். வரைந்தவர் பெயர் கிடையாது. தேவரகம்பொல சில்வதென்ன என்ற, உபசம்பதா எனும் உயர்துறவு பெறாத துறவியின் தலைமையில் உருவான வேலை இது. அந்தப் பெயரை 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் நம் ஆனந்த குமாரசாமி அச்சேற்றிவிட்டார். அவரும் மனைவி எத்தலும் இதே மலைநாட்டுக் கிராமங்களில்தான் அலைந்தார்கள். எத்தலின் கையிலும் கேமராதான் இருந்தது. ஆனால் அவர்கள் படத்தோடு நிற்கவில்லை. யார் செய்தார், எந்த முறையில் செய்தார் என்று கேட்டு எழுதினார்கள். நூறாண்டுக்கு முன் முடிந்த காரியம், சட்டைப்பையில் கேமரா இருக்கும் காலத்தில் முடியாதா?

ஹிந்தகலவில் நடப்பது இன்னும் மோசம். பேராதனையிலிருந்து கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களுக்குப் போகும் வழியில் உள்ள விகாரை அது. அங்கே பாறைமேல் மங்கித் தெரிவது கண்டி அரசுக்குப் பல நூற்றாண்டு முந்திய ஓவியம். இந்திரசாலக் குகையில் புத்தரைச் சக்கரன் (இந்திரன்) காண வரும் காட்சி என்று ஆய்வாளர் அடையாளம் கண்டது. மங்கலாய் இருப்பதுதான் அதன் இன்றைய உண்மை. அந்த மங்கல் 'லைக்' வாங்காது என்பதால் கணினியில் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றிவிடுகிறார்கள். எந்த ஓவியனும் தீட்டாத ஒன்று ஹிந்தகல என்ற பெயரில் ஊர் சுற்றுகிறது. நாளை உண்மையான பாறை முன்னே வந்து நிற்கும் பிள்ளை ஏமாந்து திரும்பும். இதைப் பதிவு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

தெகல்தொருவவில் ஒரே ஒரு பட்டையை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெடிப்பும் கறையும் உட்பட, நிறம் ஏற்றாமல், வரிசை குலையாமல், வரைந்தவர் பெயரோடு யாராவது போடட்டும். அன்றைக்கே இந்த மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.