அசையும் புள்ளியும்

"உலகத்திலேயே அறிவியல்பூர்வமான எழுத்து ஹங்குல்தான். கொரியா 24 எழுத்தில் எழுதுகிறது, நாம் 247-ஐச் சுமக்கிறோம்." கொரியத் தொடர்கள் நம் வீட்டுக்கூடத்துக்கு வந்த பிறகு, இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்லாமல் கைதட்டல் வாங்க முடிவதில்லை. இதற்கு ஒரு பங்காளிக் கருத்தும் உண்டு. பிள்ளைகள் கைப்பேசியில் ரோமன் எழுத்தில்தானே தமிழ் எழுதுகிறார்கள், நாமும் மாறிவிட்டால் என்ன என்பது அது.

இரண்டு கருத்துகளுக்கும் தாத்தா ஒருவர்தான். ஐ. ஜே. கெல்ப், 1952-இல் வெளிவந்த 'எ ஸ்டடி ஆஃப் ரைட்டிங்' நூலில், எழுத்தின் வரலாற்றை ஒருவழிப் பாதையாக்கினார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி, பிறகு அசைக்கு ஒரு குறி, முடிவில் ஒலிக்கு ஒரு குறி. பின்னால் திரும்ப வழியில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கிரேக்கத்தையும் ரோமனையும் உச்சியில் உட்காரவைத்தார்கள். இந்திய எழுத்துகளை எந்தப் படியில் வைப்பதென்று தெரியாமல், 'பாதி அசை, பாதி ஒலி' என்று நடுவழியில் நிறுத்திவிட்டார்கள்.

தொடக்கக் கட்டங்கள் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. உருக் நகரக் கணக்குப்பிள்ளைகளின் களிமண் வில்லைகள், எகிப்து, எகிப்தியக் குறிகளைத் தம் மொழிக்கு வளைத்துக்கொண்ட சினாய்த் தொழிலாளர்கள், பினீசியர், அவர்களிடம் வாங்கி உயிரெழுத்தைச் சேர்த்த கிரேக்கர், இந்தப் பக்கம் பிராமி. கெல்பின் பாதை இதுவரை வழுக்கிக்கொண்டு போகிறது.

அவர் பக்கம் ஒரு வலுவான சாட்சியும் உண்டு. அவர் நூல் வந்த அதே 1952-இல், கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி எழுத்தைப் படித்துவிட்டதாக பிபிசி வானொலியில் அறிவித்தார். நாசோஸ், பைலோஸ் அரண்மனைகளின் வில்லைகளில் இருந்தது கிரேக்க மொழியேதான். ஆனால் ஏறத்தாழ 90 அசைக்குறிகளால் எழுதியது. கிரேக்கத்தில் பொன்னுக்கு 'க்ரூசோஸ்'. வில்லையில் அது 'கு-ரு-சோ'. மெய்யைத் தனியே நிறுத்த வழியில்லாததால் முன்னே இல்லாத உயிர் ஒன்று நுழைகிறது, பின்னே இருக்கிற மெய் ஒன்று உதிர்கிறது. மெய்கள் நெருக்கியடிக்கும் மொழிக்கு வெறும் அசையெழுத்து பொருந்தாது என்பதை மறுக்க மாட்டேன். லீனியர் பி-க்கு ஒரு புள்ளி கிடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. எழுத்து வரலாறுகள் பின்னிணைப்பில் தள்ளிவிடும் காலமும் அதுதான். செரோக்கி இனத்து வெள்ளித் தட்டாரான செக்வோயாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் தாளைப் பார்த்துப் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். முதலில் சொல்லுக்கொரு குறி போட்டுப் பார்த்தார். நினைவு தாங்கவில்லை, விட்டுவிட்டார். 1821-இல் அவர் கையில் அசைக்கொன்றாக எண்பத்துச் சொச்சம் குறிகள் இருந்தன. இது சூனியமாக இருக்குமோ என்று பெரியவர்கள் சந்தேகப்பட்டபோது, அவரையும் அவருடைய சின்ன மகள் அயோகாவையும் தனித்தனியே நிறுத்தி, ஒருவர் எழுதியதை மற்றவரைப் படிக்கவைத்துச் சோதித்தார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்த சில உருவங்களை அவர் எடுத்துக்கொண்டார், ஒலியை எடுத்துக்கொள்ளவில்லை. ரோமன் 'டபிள்யூ' போலிருப்பது அவரிடம் 'ல'. 'ஹெச்' போலிருப்பது 'மி'. 1828-இல் செரோக்கி மொழிக்குச் செய்தித்தாளே வந்துவிட்டது. அவருடைய பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்'. எல்லாம் அசையாக இருக்க, அது ஒன்று மட்டும் தனி மெய். மொழி கேட்டது, கொடுத்துவிட்டார்.

1830-களில் இன்றைய லைபீரியாவில் மொமோலு துவாலு புகேலே, வை மொழிக்கு அசையெழுத்து செய்தார். சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் அங்கே போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட நூலில் ஒரு வியப்பு இருக்கிறது: இந்த எழுத்துக்குப் பள்ளிக்கூடமே இல்லை. மாமன் மருமகனுக்கும் நண்பன் நண்பனுக்கும் சொல்லிக்கொடுத்து, கடிதமும் கணக்கும் எழுதி, நூற்றைம்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். எந்த அரசாணையும் இல்லாமல்!

மூன்றாமவர் நம் காலத்துக்கு அருகில் இருக்கிறார். லாவோஸ் மலைகளின் ஹ்மாங் விவசாயி ஷொங் லூ யாங், எந்த எழுத்தும் அறியாதவர். 1959-இல் தமக்குத் தெய்வம் அருளியதாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்தார். பின்னர் அதைத் தாமே பலமுறை திருத்தினார். உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் அவரைச் சந்தேகித்தன. 1971-இல் சுட்டுக் கொன்றார்கள். அவர் அசையை இரண்டாக மட்டும் பிளந்தார்: தொடக்க மெய், பிறகு உயிர். ஆனால் எழுதும்போது உயிர் முன்னே வரும், மெய் பின்னே வரும். வாய் மட்டும் மெய்யை முதலில் சொல்லும்.

எழுதப் படிக்கத் தெரியாமல் எழுத்தைப் படைத்தவர்கள் ஏறக்குறைய எப்போதும் அசையில்தான் வந்து நிற்கிறார்கள் என்று கவனித்தவர் பீட்டர் டேனியல்ஸ். நம் வகை எழுத்துகளுக்கு, எத்தியோப்பிய எழுத்து வரிசை ஒன்றிலிருந்து 'அபுகிடா' என்று பெயர் எடுத்துக் கொடுத்து, 'பாதி' என்ற இழிவிலிருந்து மீட்டவரும் அவரே. பழக்கமில்லாத காதுக்கு முதலில் அகப்படுவது அசை. 'க்' என்பதைத் தனியே கேட்க ஒரு வாத்தியார் வேண்டும்.

இனி ஹங்குலுக்கு வருகிறேன். சேஜோங் மன்னர் 1443-இல் ஆக்கி 1446-இல் அறிவித்த அந்த எழுத்தின் மீது எனக்கும் காதல் உண்டு. நாக்கின் அடி தொண்டையை அடைக்கும் வடிவமே 'க்'. நுனி மேலே தொடும் வடிவமே 'ந்'. சொந்த எழுத்து வைத்திருப்பவர்கள் காட்டுமிராண்டிகள் என்று வாதாடிய சோ மல்லி போன்ற பண்டிதர்களை மீறி ஒரு மன்னர் செய்த காரியம் இது. ஆனால் மேடையில் புகழ்பவர்கள் ஹங்குலை உற்றுப் பார்ப்பதில்லை. 'ஹங்குல்' என்ற சொல்லையே கொரியர் ஆறு எழுத்தாக நீட்டி எழுதுவதில்லை. மும்மூன்றாகச் சேர்த்து இரண்டு கட்டங்களாக அடுக்குகிறார்கள். ஒரு கட்டம், ஓர் அசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூ சிகியோங் போன்ற அறிஞர்கள், ரோமனைப் போலக் கட்டத்தைப் பிரித்து வரிசையாக எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் சீந்தவில்லை. எண்ணிக்கைதான் வாதம் என்றால் இதையும் எண்ணலாம்: யூனிகோடில் ஹங்குல் அசைக் கட்டங்கள் 11,172. நம் 247-ஐ எண்ணும் முறையில் எண்ணினால் அவர்கள் சுமப்பது இவ்வளவு. அவர்கள் 24-ஐ எண்ணும் முறையில் எண்ணினால் நமக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1.

இருபதாம் நூற்றாண்டு எனக்குக் கசப்பு. எழுத்தைச் சட்டத்தால் மாற்றிய நூற்றாண்டு அது. துருக்கியில் 1928 நவம்பர் முதல் தேதி சட்டம் வந்தது. 1929 ஜனவரி முதல் புத்தகங்கள் புதிய எழுத்தில்தான் வர வேண்டும் என்றார்கள். எட்டு உயிர்களுள்ள மொழிக்கு அரபு எழுத்தைவிட ரோமன் பொருந்துகிறது என்பது உண்மையே. தாத்தாவின் கடிதம் பேரனுக்குக் கோலமாகத் தெரிவதும் உண்மை. அசர்பைஜானின் கதி இன்னும் மோசம்: அரபிலிருந்து ரோமன், ரோமனிலிருந்து சிரில்லிக், 1991-இல் மறுபடி ரோமன். ஒரே நூற்றாண்டில் மூன்று தடவை குடிமாற்றம். ஜப்பானிய நாவலாசிரியர் ஷிகா நவோயா, 1946-இல் எழுத்தோடு நிற்காமல் மொழியையே விட்டு பிரெஞ்சுக்கு மாறலாம் என்று எழுதினார். பெர்னார்ட் ஷா உயில் எழுதிவைத்த பணத்தில் ஆங்கிலத்துக்குப் பிசிறில்லாத ஓர் ஒலியெழுத்து செய்து, 1962-இல் அவருடைய நாடகம் ஒன்றை அச்சிட்டார்கள். ஒலிக்கு ஒரு குறி என்பதுதான் உச்சி என்றால் ஆங்கிலேயர் அதில் ஏறியிருக்க வேண்டும். அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

இந்த வரிசையில் தமிழின் சீர்திருத்தத்தை வைத்துப் பார்த்தால் அதன் அடக்கம் புரியும். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் தொடங்கியதை அரசு 1978-இல் ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யைச் சிலேட்டில் எழுதிப் பழகியவன் நான். இன்றைய மாணவன் பழைய புத்தகத்தை எடுத்தால் ஒரு பக்கத்துக்குள் அந்த வளைவை ஊகித்துவிடுகிறான். தாத்தாவின் கடிதம் இங்கே கடிதமாகவே இருக்கிறது.

லீனியர் பி-யிடம் இல்லாதது நம்மிடம் தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது. வடக்கே மெய்யின் மேல் மெய்யை ஏற்றிக் கூட்டெழுத்து கட்டினார்கள். தமிழ் ஒரு புள்ளியை வைத்து உயிரை இறக்கிவிட்டது. எகர, ஒகரக் குறிலுக்கும் அந்தப் புள்ளியே அடையாளமாக இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிட, 'கொடி'யும் 'கோடி'யும் ஒன்றாகத் தெரிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்தார். கைப்பேசியில் ரோமன் எழுத்தில் வரும் தமிழில் கொடியும் கோடியும் மறுபடி ஒன்றாகிவிட்டன. முன்னேற்றம் என்று சொல்லி நம்மை வீரமாமுனிவருக்கு முந்தைய ஓலைக்கு அனுப்புகிறார்கள்.

என் பேத்தி போன மாதம் 'கொடி' எழுதக் கற்றாள். "தாத்தா, 'க' சொல்றதுக்கு முன்னாடியே ஏன் கொம்பு போடணும்?" என்று கேட்டாள். ஷொங் லூ யாங்கை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். வரியில் கொஞ்சம் இடம் விட்டு 'க' போட்டாள், இடப்பக்கம் திரும்பிக் கொம்பு போட்டாள், வலப்பக்கம் வந்து கால் போட்டாள். மூன்றும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்து, ஒரே மூச்சில், "கொ" என்றாள்.