தன் உடலே சோதனைக்களம்: மருத்துவர்களின் தற்சோதனைகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு மருத்துவர் தாம் சந்தேகப்படும் கிருமியையோ, புதிதாகக் கண்ட மருந்தையோ, துணிந்து வகுத்த சிகிச்சை முறையையோ பிறரிடம் கொண்டுபோகும் முன் தம் உடலிலேயே செய்து பார்ப்பது தற்சோதனை. மருத்துவ வரலாற்றில் இதற்குத் தனி மரியாதை உண்டு. நோபல் பரிசு பெற்றவர்களும் உயிரை விட்டவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய துணிச்சல் போற்றத்தக்கதே. ஆனால் துணிச்சல் வேறு, நிரூபணம் வேறு. ஓர் உடலில் ஒரு முறை நடந்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் இம்முறையின் வலிமையும் குறையும் அடங்கியுள்ளன.

‘இது நடக்கவே நடக்காது’ என்று எல்லோரும் நம்பும் ஒன்றை மறுக்க ஓர் உடல் போதும். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகர மருத்துவமனையில் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், கைச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்த முடியும் என்று கருதினார். மேலதிகாரி அனுமதி மறுத்தார். கருவிகள் இருந்த அறையின் பொறுப்பு கெர்டா டிட்ஸன் என்ற செவிலியரிடம் இருந்தது. சோதனையைத் தன் மீதே செய்யலாம் என்று அவர் முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, குழாயைத் தம் இடது கையில் ஏற்றிக்கொண்டார். பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, 65 சென்டிமீட்டர் வரை குழாயைத் தள்ளி, அது இதயத்தின் வலப்புறத்தை எட்டியதைப் படமாக்கினார். இதயத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்ற அச்சம் அன்றே பொய்த்தது. ஆனால் அதை நோயறியும் முறையாக வளர்த்தெடுத்தவர்கள் நியூயார்க்கில் பணியாற்றிய கூர்னானும் ரிச்சர்ட்ஸும். மூவரும் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தற்சோதனை கதவைத் திறந்தது. அதன் பின்னான பாதையைப் பல ஆண்டு உழைப்பு அமைத்தது.

பெருவின் மருத்துவ மாணவர் டேனியல் கரியோனின் சோதனையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அந்நாட்டு மலைப் பள்ளத்தாக்குகளில் தோலில் மருக்கள் எழும்பும் நோய் ஒன்று இருந்தது. ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஒரோயா காய்ச்சலும் இருந்தது. 1885 ஆகஸ்ட் 27 அன்று ஒரு நோயாளியின் மருவிலிருந்து எடுத்ததைக் கரியோன் தம் கைகளில் குத்திக்கொள்ளச் செய்தார். அவருக்கு மரு வரவில்லை; மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தது. அக்டோபர் 5 அன்று இறந்தார். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று அவருடைய மரணம் காட்டியது. அந்த நாளைப் பெரு இன்றும் மருத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது.

‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே யாருக்கும் ஆகாது’ என்று வாதம் திரும்பும்போது தற்சோதனை தடுமாறுகிறது. 1892 அக்டோபர் 7 அன்று மியூனிக்கில் மாக்ஸ் ஃபோன் பெட்டன்கோஃபர் காலரா கிருமிகள் நிறைந்த கரைசலைக் குடித்தார். அப்போது அவருக்கு வயது 73. காலராவுக்குக் கிருமி மட்டும் காரணமல்ல, மண்ணின் தன்மையும் நிலத்தடி நீரின் நிலையும் கூடினால்தான் கொள்ளைநோய் கிளம்பும் என்பது அவர் கொள்கை. கிருமியே காரணம் என்ற ராபர்ட் கோஹின் கூற்றை முறியடிக்கவே இந்தச் சோதனை. வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகச் சோடா உப்பையும் சேர்த்துக் குடித்தார். சில நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அதையே செய்த மாணவர் ருடால்ஃப் எமரிஹ் கூடுதலாக அவதிப்பட்டாலும் பிழைத்தார். பெட்டன்கோஃபர் தம் கொள்கை வென்றதாக அறிவித்தார்.

அது வெற்றியல்ல. காலரா கிருமி உடலுக்குள் போன பலருக்கு லேசான பேதியோடு நின்றுவிடுவதும், அறிகுறியே தெரியாமல் போவதும் இயல்பு. அந்தக் கலவை வீரியம் குறைந்ததாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் அப்போதிருந்தே உண்டு. உண்மையில் அந்த வயிற்றுப்போக்கே கோஹ் பக்கம் நின்ற சாட்சி. சோதித்தவரே நீதிபதியாகவும் இருந்ததால் அந்தச் சாட்சி ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஹாம்பர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் காலராவில் மாண்டார்கள். மியூனிக்குக்கு நல்ல குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் கிடைக்கப் பாடுபட்ட ஒரு பெரிய மனிதர், கிருமி விஷயத்தில் மட்டும் தம் வயிற்றை நம்பித் தவறினார் என்பது வருந்தத்தக்கது.

பிலடெல்பியாவில் ஸ்டபின்ஸ் ஃபர்த் என்ற மாணவர் செய்தது இதைவிட விசித்திரம். மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் கறுப்பு வாந்தியைக் கீறல்களில் தடவினார், கண்ணில் விட்டார், குடித்தும் பார்த்தார். நோய் வரவில்லை. இது தொற்றுநோயே அல்ல என்று 1804இல் ஆய்வேடு எழுதினார். கொசு வழியாகப் பரவும் நோயை வாந்தியில் தேடியதால் வந்த பிழை அது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் சொன்ன சோதனை வேறொரு குறையைக் காட்டுகிறது. வெட்டை நோயாளி ஒருவரின் சீழை உடலில் ஏற்றியபோது சிபிலிஸின் அறிகுறிகளும் தோன்றியதால் இரண்டும் ஒரே நோய் என்று முடிவு கட்டினார். அந்த உடல் அவருடையதா, வேறொருவருடையதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. சீழ் கொடுத்தவருக்கு இரண்டு நோயும் இருந்திருக்க வேண்டும். ஒரே மூலத்திலிருந்து ஒரே முறை எடுத்ததால் பிழை கண்ணில் படவில்லை. ஹன்ட்டரின் பெயருக்கிருந்த செல்வாக்கால் அந்த முடிவு நெடுங்காலம் நிலைத்தது. 1838இல் பிரான்ஸின் ஃபிலிப் ரிகார், ஏராளமான நோயாளிகளிடம் செய்த ஆய்வால் அதை மறுத்தார்.

நல்ல தற்சோதனைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் பாரி மார்ஷலைச் சொல்லலாம். வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவே இரைப்பை அழற்சிக்கும் அல்சருக்கும் காரணம் என்று அவரும் ராபின் வாரனும் சொன்னபோது மருத்துவ உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து தம் இரைப்பை நலமாக இருப்பதைப் பதிவு செய்தார். அதன்பின்தான் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சி தெரிந்தது. முன்னும் பின்னும் அளந்ததுதான் இதன் சிறப்பு. பெட்டன்கோஃபரிடம் இல்லாதது அதுவே. ஆனால் மார்ஷலுக்கு அல்சர் வரவில்லை. அழற்சியும் பதினான்காம் நாளில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நியூசிலாந்தில் இதே கிருமியை விழுங்கிய ஆர்தர் மோரிஸுக்கோ தொற்று ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒரே கிருமி, இரண்டு உடல்கள், இரண்டு விளைவுகள். கிருமியை ஒழித்தால் அல்சர் திரும்ப வருவது அரிது என்று காட்டிய, பின்னர் நடந்த நோயாளிச் சோதனைகளே 2005 நோபல் பரிசுக்கு வழிவகுத்தன.

தற்சோதனையின் எல்லையை உணர்ந்து அடுத்த படிக்குப் போனவர்களும் உண்டு. 1900இல் ஹவானாவில் வால்டர் ரீட் தலைமையிலான குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கேரல் கொசுவைத் தம் கையில் கடிக்கவிட்டு, மஞ்சள் காய்ச்சலில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். அதே குழுவின் ஜெஸ்ஸி லசியர் அதே நோயால் செப்டம்பர் 25 அன்று இறந்தார். இத்தனைக்குப் பிறகும் ரீட் அதை நிரூபணமாக ஏற்கவில்லை. கேரல் நோய் பரவிய இடங்களுக்கும் போய் வந்தவர் என்பதால் எங்கிருந்து தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. லசியர் பெயரிலேயே முகாம் அமைத்து, தன்னார்வலர்களிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்று, கொசு உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் வலையால் பிரித்து ஒப்பிட்டபோதுதான் உலகம் ஏற்றது. வால்டெமார் ஹாஃப்கினும் 1897 ஜனவரியில் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தமக்குப் போட்டுக்கொண்டு, அதன் பயனை அறிய பைகுல்லா சிறையில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார். கைதியின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி இங்கே எழுவதை மறைக்க இயலாது.

தற்சோதனையின் தீங்கு அதைச் செய்பவரோடு நின்றுவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1884 முதல் கோகெய்னைத் தம் மீதும் சக மருத்துவர்கள் மீதும் செலுத்தி, நரம்பை மரத்துப்போகச் செய்யும் முறையைக் கண்டார். பல் மருத்துவத்தில் இன்று மரத்துப்போகப் போடும் ஊசிக்கு அது முன்னோடி. ஆனால் அவரும் கூட்டாளிகள் சிலரும் போதைக்கு அடிமையானார்கள். அறிவை மழுங்கடிக்கும் மருந்தைச் சோதிப்பவர், அதன் ஆபத்தை மதிப்பிட வேண்டிய அறிவையே பணயம் வைக்கிறார். ஜப்பானின் ஹனாஓகா செய்ஷு மயக்க மருந்து தேடிய முயற்சியில் அவருடைய மனைவி பார்வையை இழந்தார். அவர் விரும்பியே உட்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் மறுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

1947இல் எழுதப்பட்ட நூரம்பர்க் நெறிமுறையின் ஐந்தாம் விதி, மரணமோ ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே கருத இடமுள்ள சோதனைகளைத் தடுக்கிறது. ஆய்வு செய்யும் மருத்துவர்களும் சோதனைக்கு உட்படும்போது மட்டும் விலக்கு இருக்கலாம் என்கிறது. தாமும் ஆபத்தில் பங்கேற்பவர் பொறுப்பற்று நடக்கமாட்டார் என்பது அதன் அடிப்படை. வரலாறு அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. தம் கொள்கையில் ஆழ்ந்த பற்று கொண்டவருக்கு ஆபத்து சிறிதாகவே தெரியும். ஆகவே தம் உடலைத் தருபவருக்கும், பிறர் உடலைக் கேட்பவருக்குத் தேவைப்படும் அதே வெளிப்பார்வையும் முன்னனுமதியும் தேவை. ஒரு முறையைச் செய்ய முடியுமா, ஒரு கிருமி தீங்கு செய்ய வல்லதா என்ற இரண்டு கேள்விகளுக்குத் தற்சோதனை முதல் விடையைத் தரும். எத்தனை பேருக்குப் பலிக்கும், யாருக்குக் கெடுதல் என்ற கேள்விகளுக்கு அதன் விடையை ஏற்கக்கூடாது.