மொழியியல் ஆய்வுகளில் எண் அட்டவணைகள்: மென்பொருள் வெளியீடும் ஆய்வாளர் பொறுப்பும்

1. சமூக மொழியியல், உளமொழியியல், தரவக மொழியியல், எந்திர மொழிபெயர்ப்பு மதிப்பீடு ஆகிய துறைகளில் தமிழ் பற்றிய ஆய்வுகள் எண்களின் துணையை மிகுதியாக நாடத் தொடங்கியுள்ளன. இஃது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இவ்வாய்வுகளில் இடம்பெறும் அட்டவணைகள் பலவற்றை ஆய்வாளர் எழுதினார் என்று சொல்ல இயலாது. புள்ளியியல் மென்பொருள் திரையில் காட்டியது அப்படியே தாளுக்கு வந்திருக்கிறது. உரைப்பகுதியின் ஒவ்வொரு தொடரையும் மும்முறை திருத்தும் ஆய்வாளர், அட்டவணையை ஒருமுறையேனும் படித்தாரா என்னும் ஐயம் எழுகிறது. இந்நிலையால் விளையும் பிழைகள் சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பிட்ட ஓர் ஆய்வேட்டிலிருந்து தொடங்கலாம். பேச்சுத் தமிழில் ழகரம் நிலைபெறுவதும் ளகரமாக மாறுவதும் பற்றியது அது. ஆய்வேடு ஆங்கிலத்திலும் அதன் சுருக்கம் தமிழிலும் அமைந்திருந்தன. ஆங்கில அட்டவணையில் ‘பால்’ என்னும் வரியில் −0.98 என்றிருந்தது, தமிழ்ச் சுருக்கத்தில் அதே வரியில் 0.98. (எண்களை இங்கு மாற்றித் தந்துள்ளேன்.) அச்சுப்பிழை என்றே முதலில் கருத நேர்ந்தது. தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது இரண்டும் சரியான எண்களே எனத் தெரிந்தது. ‘ஆர்’ மென்பொருள், வகைசார் மாறியின் மதிப்புகளை, நாம் வேறு கட்டளை தராதவரை, அகரவரிசையில் அடுக்கி முதலில் வருவதை ஒப்பீட்டு அடிப்படையாகக் கொள்ளும். ஆங்கிலப் பெயர்களில் பெண்ணைக் குறிக்கும் ‘ஃபீமேல்’ முன்னும் ஆணைக் குறிக்கும் ‘மேல்’ பின்னும் வரும். தமிழில் ‘ஆண்’ முன், ‘பெண்’ பின். எனவே முதல் அட்டவணையின் எண் ஆணைப் பெண்ணோடு ஒப்பிட்டது. இரண்டாவது, பெண்ணை ஆணோடு ஒப்பிட்டது. மென்பொருள் வரித்தலைப்பை மாறியின் பெயரையும் மதிப்பின் பெயரையும் இடைவெளியின்றி ஒட்டித் தருகிறது. ‘பால்பெண்’ என்னும் அந்த அழகற்ற சொல்லை ஆய்வாளர் ‘பால்’ எனச் சுருக்கினார். அழகு கருதி நீக்கிய அச்சொல்லில்தான் பொருள் முழுவதும் இருந்தது. சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் ஒருவர் ழகரத்தைப் பேணுவோர் ஆண்களா பெண்களா என்பதை அறிய வழியில்லை. இரண்டில் ஒன்றை ஊகித்தே எழுதியிருப்பார்.

2. இத்தகைய மயக்கம் முந்தைய மரபில் எளிதில் நேராது. லபோவ் நியூயார்க் நகர ஆங்கிலம் பற்றி 1966இல் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து வளர்ந்த மாறுபாட்டு ஆய்வில், செடர்கிரனும் டேவிட் சான்காஃபும் 1974இல் மாறியல் விதிகளுக்கான நிகழ்தகவு முறையை விளக்கினர். அதன்வழி வந்த வார்ப்ரூல் நிரல்கள் ஒரு தனி அட்டவணை வடிவத்தை நிலைநாட்டின. ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரையிலான எடை, அக்காரணியில் நிகழ்வின் விழுக்காடு, எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கை, காரணித் தொகுதிக்கு எடைகளின் வீச்சு ஆகியன அதில் இருக்கும். பெண் 0.62, ஆண் 0.38, வீச்சு 24 என்றால், 0.50க்கு மேற்பட்டது நிகழ்வை ஊக்குவிக்கிறது, கீழானது தடுக்கிறது என்று யாரும் படித்துவிடலாம். எவ்வகையும் மறைந்திருக்கவில்லை.

இவ்வெடைகளை மடக்கை அளவைக்கு மாற்றினால் பெண்ணுக்கு 0.49, ஆணுக்கு −0.49 கிடைக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 0.98. மேற்கண்ட ஆய்வேட்டின் எண் இதுவே. இரு முறைகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஒன்று இருவரையும் பொதுச் சராசரியோடு ஒப்பிடுகிறது, மற்றது ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுகிறது. இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாமல் வார்ப்ரூல் முறையில் கண்ட பழைய ஆய்வின் எண்ணையும் தற்கால லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கின் குணகத்தையும் அருகருகே வைத்து ‘விளைவு இருமடங்காகியுள்ளது’ என்று எழுதிவிட முடியும்.

வார்ப்ரூல் முறைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே பேச்சாளரின் நூறு எடுத்துக்காட்டுகளை நூறு தனித்தனிச் சான்றுகளாக அது எண்ணியது. ஜான்சன் 2009இல் ஆர்ப்ரூல் நிரலை அறிமுகப்படுத்தியபோது பேச்சாளரையும் சொல்லையும் சமவாய்ப்பு விளைவுகளாகக் கொள்ள வழி செய்தார். மடக்கை அளவையையும் எடையையும் சேர்த்தே வெளியிடவும் ஏற்பாடு செய்தார். இந்த இரண்டாவது ஏற்பாட்டின் மதிப்பு போதிய அளவில் உணரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முறை முன்னேறியது, அட்டவணையோ பின்தங்கியது.

3. இன்று அட்டவணையை ஆக்கித்தரும் கருவிகள் பல. ஆர் மொழியில் எக்ஸ்டேபிள், ஸ்டார்கேசர், டெக்ஸ்ரெக், மாடல்சம்மரி. ஸ்டேட்டாவில் எஸ்ட்டேப், அவுட்ரெக்2. எண்களைக் கையால் பெயர்த்தெழுதும் தொல்லையையும் அதனால் வரும் பிழையையும் இவை நீக்குகின்றன. இது சிறு பயன் அன்று. 1985 முதல் 2013 வரை வெளிவந்த உளவியல் கட்டுரைகளைக் கணினி வழியே சரிபார்த்து நியூட்டனும் பிறரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிக் கட்டுரைகளில் சோதனை மதிப்புக்கும் அதனோடு தரப்பட்ட பி மதிப்புக்கும் குறைந்தது ஓரிடத்தில் பொருத்தம் இல்லை. எட்டில் ஒன்றில் அப்பிழை முடிவையே மாற்றக்கூடியது. கையெழுத்துப் படி எடுப்போர் செய்த பிழைகளைப் பாடவேறுபாடு என்று நூற்றாண்டுக் கணக்கில் ஆராயும் நமக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் இக்கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் துறையின் வழக்கத்தைச் சுமந்து வருகின்றன. உடுக்குறிகளை எடுத்துக்கொள்வோம். ஆர் மொழியின் இயல்பான வெளியீட்டில் ஓர் உடு 0.05க்கும், இரண்டு 0.01க்கும், மூன்று 0.001க்கும் குறைந்த பி மதிப்பைக் குறிக்கும். எஸ்ட்டேப் இவ்வாறே. பொருளியலார் வழக்கத்தைப் பின்பற்றும் ஸ்டார்கேசரிலோ ஓர் உடு 0.1, இரண்டு 0.05, மூன்று 0.01. ஆகவே ஒரே ஆய்வாளர் ஒரே கணிப்பை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றினால் 0.03 என்னும் பி மதிப்பு ஓர் உடுவிலிருந்து இரண்டாக உயர்கிறது. பக்கத்தில் இடமில்லை என்று அடிக்குறிப்பை நீக்கிவிட்டால் படிப்பவருக்கு ஏதும் தெரியாது. பிறை அடைப்பிற்குள் வரும் எண்ணும் இத்தகையதே. ஸ்டார்கேசர் அங்கே திட்டப்பிழையைத் தரும். எஸ்ட்டேப் இயல்பாக டி மதிப்பைத் தரும். 0.98க்குக் கீழே (2.10) என்றிருந்தால், திட்டப்பிழை எனக் கொள்வோர் விளைவே இல்லை என்பர், டி மதிப்பு எனக் கொள்வோர் உண்டு என்பர்.

மொழியியலுக்கு இதனினும் இன்றியமையாத ஒன்று உண்டு. சொற்களையும் தொடர்களையும் நிலையான விளைவாகக் கருதுவது தவறு எனக் கிளார்க் 1973இல் எழுதினார். பாயென், டேவிட்சன், பேட்ஸ் ஆகியோரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் பேச்சாளர், சொல் இரண்டையும் சமவாய்ப்பு விளைவாகக் கொள்ளும் கலப்பு விளைவு மாதிரிகள் நம் துறையில் பரவின. அம்மாதிரிகளை ஸ்டார்கேசரிடம் தந்தால் நிலையான விளைவுகளை மட்டும் அச்சிட்டு, சமவாய்ப்பு விளைவுகளின் மாறுபாட்டளவுகளை விட்டுவிடும். டெக்ஸ்ரெக் அவற்றைத் தருகிறது. பேச்சாளருக்குப் பேச்சாளர் வேறுபாடு பாலினத்தால் வரும் வேறுபாட்டை விடப் பெரிதா என்பதே கிளைமொழி ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான விடை கணிப்பில் இருந்தும் அட்டவணையில் இல்லாமல் போவது கருவியைத் தேர்ந்ததன் விளைவு என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கலப்பு விளைவு மாதிரிகளுக்குரிய எல்.எம்.இ.4 தொகுப்பு, நேரியல் மாதிரிகளுக்குப் பி மதிப்பைத் தருவதில்லை. கட்டின்மைக் கூறுகளை வரையறுப்பதில் உள்ள சிக்கலைக் கருதிப் பேட்ஸ் வேண்டுமென்றே விட்டதே அது. அட்டவணையில் பி மதிப்பு இருந்தால் ஆய்வாளர் அதை வேறொரு தோராய முறையால் பெற்றிருக்க வேண்டும். எம்முறை என்பதை ஒரு வரியில் சொல்வது கடமை.

4. தசம இடங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பன்னிரண்டு பேச்சாளருள் எண்மர் என்பதை 66.67 விழுக்காடு என எழுதுவது நுட்பம் ஆகாது. அந்த விழுக்காட்டின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 39 முதல் 86 வரை விரிகிறது. எஸ்.பி.எஸ்.எஸ். வெளியீட்டில் .000 எனக் காணப்படுவது மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கியதன் விளைவு. பி மதிப்பு சுழி என்று எழுதுவோர் நிகழ முடியாத ஒன்றைக் கூறுகின்றனர், 0.001க்குக் குறைவு என்பதே சரி. எரன்பர்க் 1977இல் எண்களைப் படிக்கத்தக்கவாறு தருவது குறித்து எழுதிய கட்டுரையில், பயன்தரும் இரண்டு இலக்கங்களுக்குச் சுருக்குக, ஒப்பிட வேண்டிய எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க, வரிசைகளை அளவு கருதி அடுக்குக என்றார். மென்பொருள்கள் இயல்பாகச் செய்வன பெரும்பாலும் இவற்றுக்கு மாறானவை.

5. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் என்ன அக்கறை எனலாம். எந்திர மொழிபெயர்ப்பு அமைப்பு ஒன்றைத் தெரிவு செய்யும் அலுவலர் காண்பது ஓர் அட்டவணையையே. அதில் பப்பினேனியும் பிறரும் 2002இல் வகுத்த புளூ மதிப்பெண்கள் இருக்கும்; மிக உயர்ந்தது தடித்த எழுத்தில் இருக்கும். 17.4க்கும் 17.1க்கும் இடைப்பட்ட வேறுபாடு தற்செயலா என்பதைத் தடித்த எழுத்து சொல்லாது. சொற்களைப் பிரிக்கும் முறை முதலியன மாறினாலே புளூ மதிப்பெண் 1.8 வரை மாறலாம் என்பதைப் போஸ்ட் 2018இல் காட்டினார். 2010 முதல் 2020 வரையிலான 769 கட்டுரைகளை ஆராய்ந்த மாரி, ஃபுஜிடா, ரூபினோ ஆகியோர் 2021இல், முக்கியத்துவச் சோதனை குறைந்து வருவதையும் முந்தைய கட்டுரைகளின் மதிப்பெண்களை நகலெடுத்து ஒப்பிடும் வழக்கம் பெருகியதையும் சுட்டினர்.

தமிழுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. புளூ சொற்களை முழுமையாக ஒப்பிடுவது. மூல மொழிபெயர்ப்பில் ‘வீட்டிலிருந்து’ என்றிருக்க, எந்திரம் ‘வீட்டில் இருந்து’ எனத் தந்தால் பொருத்தம் ஏதும் இல்லை. இலக்கணப் பிழையோ பொருட்பிழையோ இங்கு இல்லை. பிரித்தெழுதும் வழக்கமே வேறு. பொப்போவிச் 2015இல் முன்மொழிந்த, எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் அளவையில் இக்கோளாறு பெரிதும் குறைகிறது. எனவே தமிழ் தொடர்பான மதிப்பீட்டு அட்டவணையில் அளவையின் பெயரோடு, சொற்பிரிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதும் தலைப்பிலேயே இடம்பெறுவது தேவை. ஓர் அமைப்பை ‘தரம் குறைந்தது’ என ஒதுக்கும் முடிவு சிலவேளை ஓர் இடைவெளியைப் பொறுத்தது.

6. தமிழ் எழுத்தில் அட்டவணை அமைப்பதற்கே உரிய இடர்ப்பாடுகளும் உள. ‘மொழி’ என்பது நமக்கு ஈரெழுத்து; யூனிகோடில் நான்கு குறியீடுகள். அகலத்தைக் குறியீட்டு எண்ணிக்கையால் கணக்கிடும் நிரல்கள் நெடுவரிசைகளைக் கோணலாக்குவது இதனால்தான். அகரவரிசையிலும் யூனிகோடு எண்வரிசை நம் அகராதி வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. வகரமோ ழகரத்திற்கும் பின்னே வருகிறது. புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்களுக்குப் பின் செல்வதால் ‘அக்கா’ ‘அகம்’ என்பதற்குப் பின்னே தள்ளப்படுகிறது. சொற்பட்டியலை இணைக்கும் ஆய்வாளர் தமிழுக்கான வரிசை முறையைத் தெளிவாகக் கட்டளையிட வேண்டும். லாடெக் வழி அச்சிடுவோர் பழைய பி.டி.எஃப்.லாடெக்கைத் தவிர்த்துச் சீலாடெக் அல்லது லுவாலாடெக்கைக் கொண்டால் யூனிகோடுத் தமிழ் எழுத்துருக்கள் இயல்பாக வரும். வரித்தலைப்புகளைத் தமிழில் இடுவதற்கு மென்பொருளின் மாறிப்பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. வெளியிடும் கட்டத்தில் பெயர்மாற்றப் பட்டியல் ஒன்றைத் தரப் பல கருவிகள் இடமளிக்கின்றன. ஒப்பீட்டு அடிப்படையையும் அகரவரிசைக்கு விடாது நிரலிலேயே எழுதிவிட்டால், மொழி மாறினாலும் குறி மாறாது.

தொடக்கத்தில் கூறிய ஆய்வேடு பின்னர்த் திருத்தப்பட்டது. இரு மொழிகளிலும் ஆணே அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, வரித்தலைப்பு ‘பெண், ஆணோடு ஒப்பிட’ என்றாகியது. வார்ப்ரூல் எடைகளும் பேச்சாளர் எண்ணிக்கையும் இரு புதிய நெடுவரிசைகளாகச் சேர்ந்தன. பேச்சாளரிடை மாறுபாட்டளவைச் சேர்த்தபோது, ழகர வழக்கில் பாலினத்தின் பங்கைப் பற்றிய அதிகாரத்தின் கடைசி மூன்று பக்கங்களை ஆய்வாளர் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.