சுண்ணாம்புக் குழியும் தறிக்கூடமும்

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2010-இல் வந்தது; 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று வெந்த தலித் உடல்களின் கதை. நம் தோழர்கள் பலரும் அதைத் தொழிற்சங்க வரலாறாகவே படிக்கிறோம். சங்கரன்கோவில்காரனான என்னால் அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. எங்கம்மா இங்கே விசைத்தறிக் கூடத்தில் 20 வருஷம் நின்றவள். தறி எங்க சாதித் தொழில் இல்ல, நிலமில்லாததால் போனாள்.

தோலில் முடி கழல்வதற்காகப் போடுகிற சுண்ணாம்பு, குழிக்குள் நிற்கிறவன் காலையும் அரிக்கும். அந்த நாத்தமும் புண்ணும் அவன் பிறப்போடு வந்ததென்று ஊர் நம்பும்வரை, அவனுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்ற பேச்சே எழாது. நாவல் இதைத் தொடுகிறது. அதன் பலம் அது.

தறிக்கூடத்தில் நாத்தம் இல்லை, வெக்கை உண்டு. காற்று காய்ந்தால் பாவு இழை அறும் என்று சன்னலைச் சாத்துவார்கள். ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கும். நூலுக்கு ஈரம் வேணும். நிக்கிறவளுக்கு என்ன வேணும்னு எவனும் கேக்கல. வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னைக்கு அம்மாவுக்கு நெஞ்சு இறுகும். பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளம் அது. இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் கேட்டதோ, ‘வீட்ல விறகடுப்பா?’

1948 தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டம், வெப்பம், தூசி மூன்றையும் பேசியது. ஆனா மின்சாரத்தில் ஓடுற இடத்துல 10 பேர் வேலை செஞ்சாத்தான் அது தொழிற்சாலை. எங்கம்மா நின்ற கூடத்தில் 8 பேர். 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கியது. தலையை எண்ணுகிறார்கள், மூச்சை அல்ல.

‘தோல்’ மீது என் குறையும் இங்கேதான். கதை சங்கத்தை நோக்கி விரைகிறது. அடிமைத்தளை அறுவது பெரிய காரியம்தான். ஆனால் அரித்துப்போன காலோடு ஒருத்தர் மிச்ச ஆயுளை எப்படி நடந்து கழித்தார்? அந்தக் கதைக்கு நாவலில் போதிய இடமில்லை என்பது என் வாசிப்பு.

அதை நாம் எழுதணும் தோழர்களே. எத்தனை தறி, எத்தனை மணி நேரம், சன்னல் திறந்திருந்ததா, எந்தக் கிழமை நெஞ்சு இறுகுது? வீட்டில் கேட்டு எழுதுங்கள். இதெல்லாம் இலக்கியமா என்பார்கள். 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோதும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு.