உடம்பும் தீர்ப்பும்

ஒரு பாத்திரத்தைப் பருத்தவனாக எழுதுகிறபோது கதாசிரியன் தான் உடம்பை வர்ணிப்பதாக நினைத்துக்கொள்கிறான். பெரும்பாலும் அவன் செய்வது வர்ணனை அல்ல; தீர்ப்பு. தொந்தி சரிய நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருந்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பேராசை, சோம்பல், பிறர் உழைப்பைத் தின்னுதல் எல்லாம் எழுதாமலே வந்து சேர்ந்துவிடும். நம் முற்போக்குக் கதைகளின் மிராசுதாரும் வட்டிக்கடைக்காரரும் இப்படித்தான் வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவார்கள். பஞ்சம் பார்த்த நாட்டில் இந்தக் குறியீட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஊரே ஒட்டிய வயிற்றோடு இருக்கையில் ஒருவர் வயிறு மட்டும் பெருத்தால், அதில் இருப்பது யாருடைய சோறு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

ஆனால் குறியீடுகள் தம்மைப் பெற்ற சூழ்நிலை போன பின்பும் உயிரோடு இருந்துவிடுகின்றன. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். இவர்கள் எல்லோரும் மிராசுதார் வீட்டுப் பெண்கள் அல்லர். கதையில் வரும் வயிறு மட்டும் இன்னும் மிராசுதாருடையதாகவே இருக்கிறது.

சினிமாவுக்கு இந்தச் சிக்கல்கூட இல்லை. அங்கே உடம்பே பெயர். குண்டு கல்யாணம் என்றும் ஓமக்குச்சி நரசிம்மன் என்றும் நடிகர்களுக்குப் பெயர் நிலைத்தது. இரண்டும் ஒரே விதமான கேலி என்று தோன்றும். அல்ல. ஒல்லியானவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பருத்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவனுக்குப் புத்தியும் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது காரியம்தான் நம் கவனத்துக்கு உரியது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் களங்கம் பற்றி எழுதிய நூலில் மூன்று வகைகளைப் பிரித்தார்: உடலில் தெரியும் குறை, குணத்தின் கறை, இனம் மதம் போலக் குலவழியாக வருவது. பருமன் இந்தப் பிரிவினையைக் குழப்புகிறது. அது உடலில் தெரிகிறது, ஆனால் குணத்தில் வாசிக்கப்படுகிறது. கூன் முதுகைப் பார்த்து 'இவன் நிமிர்ந்து நிற்க முயற்சி செய்யவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. பருத்தவன் மட்டும் தன் குற்றப்பத்திரிகையைத் தானே சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறான்.

இதை இரண்டு ஐரோப்பியக் கலைஞர்கள் கையாண்ட விதத்தைப் பார்க்கலாம்.

மாப்பசானின் 'கொழுப்புருண்டை' 1880இல் வெளிவந்த கதை. பிரஷ்யப் படை பிடித்துவிட்ட ரூவான் நகரத்திலிருந்து பத்துப் பேர் ஒரு வண்டியில் புறப்படுகிறார்கள். வியாபாரி, ஆலை முதலாளி, பிரபு, அவரவர் மனைவியர், இரண்டு கன்னிகாஸ்திரீகள், ஒரு ஜனநாயகவாதி, ஒரு விலைமாது. கதையின் தலைப்பு அவளுடைய பட்டப்பெயர். அவளை அறிமுகப்படுத்தும் இடத்தில் மாப்பசானும் ஊரார் கண்ணோடுதான் பார்க்கிறான். அவளுடைய விரலும் முகமும் தின்னும் பண்டங்களாகவே வர்ணிக்கப்படுகின்றன. வாசகன் எதிர்பார்ப்பது தெரிந்ததுதான்: பெருந்தீனிக்காரி, போகப் பொருள். ஆனால் கதை நகர நகரப் பசி வேறு இடத்துக்கு மாறிவிடுகிறது. பனியில் வண்டி தாமதமாகிறது. உணவுக்கூடை கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் அதைத் தின்று தீர்க்கிறார்கள். விடுதியில் பிரஷ்ய அதிகாரி அவளைக் கேட்கிறான். அவள் இணங்கும்வரை வண்டியை விட மறுக்கிறான். தங்கள் பயணத்துக்காக அவளை இணங்க வைப்பவர்கள் சக பயணிகள். மறுநாள் வண்டியில் அவரவர் பொட்டலத்தை அவரவர் பிரித்துத் தின்கிறார்கள். அவசரத்தில் ஒன்றும் எடுத்துவராத அவளுக்கு ஒரு துண்டு ரொட்டி நீட்ட ஆள் இல்லை. தின்னப் பிறந்தவள் என்று பெயர் வைத்தவர்கள்தாம் தின்றார்கள்; தின்னப்பட்டவள் அவள். மாப்பசான் ஊரார் தந்த பட்டப்பெயரை வாங்கிக்கொண்டு அதை அவர்கள் மேலேயே திருப்பி எறிகிறான்.

கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' 1954இல் வந்தது. ஆள் இல்லாத தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்களில் பருத்தவன் ஒருவன். ஆஸ்துமா, மூக்குக் கண்ணாடி, மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அத்தை. பள்ளியில் தன்னை 'பிக்கி', அதாவது பன்றிக்குட்டி, என்று கூப்பிட்டார்கள் என்பதை ரால்ஃபிடம் அவன் ரகசியமாகச் சொல்கிறான். இங்கே அந்தப் பெயர் வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறான். ரால்ஃப் அதைக் கூட்டத்தில் அவிழ்த்துவிடுகிறான். அந்தச் சிரிப்பில்தான் சிறுவர்கள் ஒரு கூட்டமாகிறார்கள். பின்னால் நடக்கும் கொலைகளின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது என்பதைக் கோல்டிங் அறிந்தே எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பையனுடைய சொந்தப் பெயர் நாவல் முடியும்வரை நமக்குத் தெரிவதில்லை. சிறுவர்கள் கேட்கவில்லை என்பது கதை. கதைசொல்லியும் கேட்கவில்லை என்பது என்ன? பாறை உருண்டு அவன் சாகும்போதும், இறுதியில் ரால்ஃப் அவனுக்காக அழும்போதும், கதைசொல்லி அந்தப் பட்டப்பெயரையே சொல்கிறார். இது வாசகனையும் குற்றத்தில் கூட்டாளியாக்கும் உத்தி என்று வாதிடலாம். என் வாசிப்பில் அப்படிப் படவில்லை. அவனுக்கு மூளையைத் தந்த ஆசிரியர் பெயரைத் தராமல் விட்டதற்கு, அந்த உடம்புக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். அனுதாபம் இருந்தும் அவர் நிற்பது சிரித்தவர்கள் பக்கத்தில்.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் வரும். பெயர் வைப்பது கொடுமை, சரி. ஆனால் பருமன் அவனவன் தேடிக்கொண்டதுதானே, பிறப்பால் வருகிற தோல் நிறத்தோடும் சாதியோடும் அதை எப்படி ஒப்பிட முடியும்? தனிமனிதப் பொறுப்பு என்கிற இந்த வாதம் வலுவானது போலத் தோன்றும். இதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில் விஞ்ஞானத்திலிருந்து வருகிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான கட்டுரை, அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போகிறது, வளர்த்தவர்களோடு அல்ல என்று காட்டியது. லெப்டின் என்கிற ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத இரண்டு குழந்தைகளை இங்கிலாந்தில் கண்டு 1997இல் எழுதினார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது அடங்காத பசி அடங்கியது. 1999இல் அதையும் எழுதினார்கள். தீனிவெறி என்று எவரும் சொல்லியிருக்கக்கூடியது ஒரு சுரப்பின் குறை. இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்தாம் என்றாலும் செய்தி முக்கியமானது.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு பொறி இருக்கிறது. 'அவன்மேல் தப்பில்லை, ஆகவே இழிவுபடுத்தாதே' என்று சொல்கிறவன், தப்பிருந்தால் இழிவுபடுத்தலாம் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறான். வழக்கறிஞர் மாறியிருக்கிறார், நீதிமன்றம் அப்படியே இருக்கிறது. சிகிச்சைக்காக நோயைப் பற்றிப் பேசுவது வேறு. எடைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்தத் தொடர்பு வைத்தியருக்குச் செய்தி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு அதில் அதிகாரம் ஒன்றும் இல்லை. காசத்தையும் புற்றுநோயையும் உருவகங்களிலிருந்து மீட்க வேண்டும் என்று சூசன் சொண்டாக் 1978இல் வாதாடியது இங்கேயும் பொருந்தும். நோயாக இருந்தாலும் அது நோய் மட்டுமே. நடத்தைச் சான்றிதழ் அல்ல.

இனி சாதியோடு ஒப்பிடுவது. பிறப்பால் வருவது வேறு, செயலால் வருவது வேறு என்று நாம் சுலபமாகப் பிரித்துவிடுகிறோம். சாதி ஒருபோதும் தன்னை வெறும் பிறப்பு என்று சொல்லிக்கொண்டதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். இழிந்த நடத்தை உடையவர்கள் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பார்கள் என்ற கருத்து சாந்தோக்கிய உபநிடதத்திலேயே இருக்கிறது. அதாவது, உன் பிறப்புக்கு நீயே பொறுப்பு; போன ஜன்மத்தில் செய்தாய், இந்த ஜன்மத்தில் அனுபவி. தனிமனிதப் பொறுப்பு என்பது சாதியிலிருந்து பருமனைப் பிரித்துக் காட்டும் கோடு அல்ல. இரண்டு இடத்திலும் பயன்படும் ஒரே கருவி. முதலில் அருவருப்பு வருகிறது. பிறகு அதற்கு ஒரு காரணக் கதை கட்டப்படுகிறது. கர்மம் என்பது அப்படி ஒரு கதை. 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்பது இன்னொன்று. பிந்தைய கதையில் போன ஜன்மத்துக்குப் பதிலாக நேற்று ராத்திரிச் சாப்பாடு வருகிறது, அவ்வளவுதான்.

ஒப்புமை இத்தோடு நிற்க வேண்டும். மேலே போனால் பொய்யாகிவிடும். சாதிக்கு நிலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. பருத்தவனுக்கு என்று ஊருக்கு வெளியே ஒரு தெரு கிடையாது. அவன் திருமணத்துக்காக யாரும் வெட்டப்படுவதில்லை. இதை மறந்து 'நாங்களும் தீண்டாதவர்களே' என்று பேசுவது பிறர் காயத்தை இரவல் வாங்குவது. மறுபக்கம் ஒன்றும் உண்டு. சேரிக்குள் பிறந்தவனுக்கு அவமானத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு வீடும் தெருவும் உண்டு, இயக்கமும் உண்டு. பருத்த பெண்ணுக்கு முதல் கேலி பெரும்பாலும் சொந்த வீட்டுச் சாப்பாட்டு இலையின் முன்னால்தான் கிடைக்கிறது. எது பெரிய துன்பம் என்று தராசில் வைப்பது மறுபடியும் எடை போடுவதுதான். 1973இல் லாஸ் ஏஞ்சலீஸில் இரண்டு பெண்கள் எழுதிய பருத்தவர் விடுதலை அறிக்கை, இனவெறிக்கும் வர்க்கச் சுரண்டலுக்கும் எதிரான போராட்டங்களோடு தங்கள் போராட்டம் தோழமை கொண்டது என்றுதான் சொன்னது. அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. தோழமைக்கும் ஒப்புமைக்கும் உள்ள தூரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சட்டத்தில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஏர் இந்தியா பணிப்பெண்களை முதல் கர்ப்பத்தோடு வேலையிலிருந்து நீக்கும் விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. எடை வரம்பைத் தாண்டிய பணிப்பெண்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியதை 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2009 தொடக்கத்தில் சிலர் வேலையே இழந்தார்கள். இரண்டும் அதே உடம்புதான், அதே விமானம்தான். கர்ப்பம் பெண்ணின் மாண்பு ஆயிற்று. எடை அவள் கவனக்குறைவாகவே நின்றுவிட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976லேயே எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடைசெய்தது. நியூயார்க் நகரம் அதைச் செய்ய 2023 ஆயிற்று. சட்டம் மனதை மாற்றிவிடும் என்றும் நம்புவதற்கில்லை. அமெரிக்கர்களின் தன்னிச்சையான விருப்பு வெறுப்புகளை 2007 முதல் 2016 வரை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இனம் பற்றிய பாரபட்சம் குறைந்திருந்தது, ஓரினச் சேர்க்கை பற்றியது அதைவிடக் குறைந்திருந்தது. உடல் எடை பற்றியது மட்டும் கூடியிருந்தது. மற்ற வெறுப்புகளுக்கு வெட்கம் வந்துவிட்டது. இதற்கு இன்னும் வரவில்லை. ஏனென்றால் இது அக்கறையின் குரலில் பேசத் தெரிந்த வெறுப்பு.

அடுத்த கட்டமும் வந்துவிட்டது. செமாக்ளூடைட் என்கிற ஊசி மருந்துக்கு, எடையைக் குறைப்பதற்கென்றே, 2021இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. பசியே மாறிவிடுகிறது என்கிறார்கள் போட்டுக்கொண்டவர்கள். பசியை ஒரு ஊசி மாற்றும் என்றால் அது ஒழுக்கம் சம்பந்தப்பட்டதல்ல என்று தெளிவாகியிருக்க வேண்டும். நடப்பது வேறு. போட்டுக்கொண்டவர் குறுக்கு வழியில் போனவர் ஆகிறார். போட்டுக்கொள்ளாதவர் மருந்து இருந்தும் அலட்சியம் செய்தவர் ஆகிறார். காரணக் கதை எது மாறினாலும் தீர்ப்பு மாறுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

இதில் எழுதுகிறவனுக்கு என்ன வேலை? பருத்தவர்களை நல்லவர்களாக எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கள்ளம் கபடமற்ற குண்டுப் பெண், எல்லோரையும் சிரிக்க வைத்துத் தனியே அழுகிற குண்டு நண்பன், இவையும் அதே தீர்ப்பின் மறுபக்கம்தான். தண்டனைக்குப் பதில் கருணை மனு. கேட்பது சிறிய காரியம். உடம்பை எழுதிவிட்டு, குணத்தைத் தனியே சம்பாதிக்க வேண்டும். பேராசைக்காரன் பேராசைக்காரன் என்பது அவன் பத்திரத்தில் எழுதும் வட்டியில் தெரியட்டும், இடுப்புச் சுற்றளவில் அல்ல. உடம்பைக் காட்டிக் குணத்தை வாங்கிக்கொள்வது எழுத்தில் ஒரு சோம்பல். நாம் பருத்தவர்கள் மேல் சுமத்தி வந்திருக்கும் சோம்பல் உண்மையில் நம் வாக்கியத்தில்தான் இருக்கிறது.